ஊசியா, மாத்திரையா? சிக்கலான சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் தேர்வது எப்படி

செங்கோட்டைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகி விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தைக்கு 63 வயது. புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்தின் புனலூருக்குக் காய்கறி ஏற்றி அனுப்பும் வியாபாரம் என்பதால் வாரத்தில் பாதி நாள் மலைக்கு அந்தப் பக்கம் தங்குகிறார். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. டாபாகிளிஃப்ளோசின் உட்பட மூன்று மாத்திரைகள் சாப்பிடுகிறார். சில ஆண்டுகளாகவே இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழிக்கிறார். வயதானால் அப்படித்தான் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். நீர்க்கடுப்பு தொடங்கியபோது புனலூரில் ஒரு மருந்துக்கடை டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர மறுத்துவிட்டது. ஊருக்குத் திரும்பி, இங்கே சீட்டில்லாமலே வாங்கி, நார்ஃப்ளாக்சசின் இரண்டு நாளும் செஃபிக்ஸிம் நான்கு நாளும் சாப்பிட்டிருக்கிறார். கடுப்பு கொஞ்சம் தணிந்ததென்று மறுபடியும் மலையேறியவருக்கு, உடம்பைத் தூக்கிப் போடும் குளிருடன் காய்ச்சலும், இடது விலாவுக்குக் கீழே வலியும், வாந்தியும் வந்து, அங்கேயே ஒரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) ஈ.கோலை என்ற பாக்டீரியா, இ.எஸ்.பி.எல். வகை, அதாவது பல ஆன்டிபயாடிக்குகளைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் வகை என்று வந்திருக்கிறது. செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல் மூன்றும் கேட்காது. மெரோபெனம், எர்டாபெனம், பிப்பெராசிலின்-டாசோபாக்டம், அமிகாசின், நைட்ரோஃபுரான்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் ஆகியவை கேட்கும் என்கிறது அறிக்கை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவான கிரியாட்டினின் 1.6, எடை 68 கிலோ. ஸ்கேனில், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வீக்கமும், சிறுநீர் கழித்த பிறகும் பையில் 140 மி.லி. தங்கியிருப்பதும், இடது சிறுநீரகம் சற்றுப் பெருத்திருப்பதும் தெரிகின்றன. அடைப்பும் சீழ்க்கட்டியும் இல்லை. மெரோபெனம் தொடங்கிய மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. இனி எர்டாபெனத்துக்கு மாற்றி, மொத்தம் 14 நாள் ஊசி போட வேண்டும் என்கிறார் மருத்துவர்.

வாசகியின் கேள்விகள் இவை. நைட்ரோஃபுரான்டாயின் கேட்கும் என்று அறிக்கையே சொல்லும்போது எதற்கு ஊசி? சித்திக்கு அதே மாத்திரையில் ஐந்தே நாளில் சரியானதே? மருந்துக்கடை வைத்திருக்கும் அத்தான், மெரோபெனத்துக்குச் சமமான ஃபாரோபெனம் மாத்திரை இருக்கிறது என்கிறார், அது போதாதா? மெரோபெனத்தை நிறுத்தி வேறு ஊசிக்கு மாற்றுவது மருந்தின் வலிமையைக் குறைப்பதாகாதா என்று தம்பி பயப்படுகிறான், அது சரியா? பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏழு நாள், அப்பாவுக்கு மட்டும் ஏன் 14? அப்பாவை ஊருக்கு அழைத்துவந்து மீதி ஊசியை இங்கே போடலாமா? அவசரம் கருதி வாசகிக்குத் தனியாகவும் பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அடையாளங்களை நீக்கி இங்கே வெளியிடுகிறோம்.

அன்புள்ள சகோதரிக்கு,

அறிக்கைகளை ஒழுங்காகப் படியெடுத்து அனுப்பியதற்கு நன்றி. உங்கள் தந்தையை நான் நேரில் பார்க்கவில்லை. ஆகவே நான் எழுதுவதை அங்குள்ள மருத்துவரிடம் கேட்டுத் தெளிவதற்கான உதவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அவர் சொல்வதற்கு மாற்றாக அல்ல. அவருடைய திட்டத்தைப் பொறுத்தவரை எனக்கு மறுப்பு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பதுதான் விளக்க வேண்டியது.

சித்திக்கு வந்ததும் அப்பாவுக்கு வந்திருப்பதும் ஒரே நோய் அல்ல. சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றில் எரிச்சல், அடிக்கடி சிறுநீர், அடிவயிற்று வலி என்று தொல்லை இருக்குமே தவிர, காய்ச்சல் இராது. தொற்று பையைத் தாண்டிச் சிறுநீரகத்துக்கோ புராஸ்டேட்டுக்கோ இரத்தத்துக்கோ போய்விட்டால் குளிர்காய்ச்சலும் விலா வலியும் வாந்தியும் வரும். முன்பெல்லாம் ஆண், சர்க்கரை நோயாளி, சிறுநீர்ப் பாதையில் கோளாறு உள்ளவர் என்றாலே சிக்கலான தொற்று என்று எழுதுவோம். அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அந்தப் பிரிவினையை மாற்றி, தொற்று பையைத் தாண்டியிருக்கிறதா என்பதையே முக்கிய அளவுகோலாக வைத்திருக்கிறது. பழைய கணக்கானாலும் புதிய கணக்கானாலும் உங்கள் தந்தையின் தொற்று சிக்கலானதுதான்.

அறிக்கையில் உள்ள 'எஸ்' எதைச் சொல்கிறது

நைட்ரோஃபுரான்டாயினுக்கு நேராக 'எஸ்', அதாவது 'கேட்கும்' என்ற குறி, இருப்பது உண்மை. அந்த எழுத்து, சோதனைத் தட்டில் அந்த மருந்து குறிப்பிட்ட செறிவில் இருந்தால் இந்தக் கிருமி வளராது என்று சொல்கிறது. வாயில் போட்ட மாத்திரை உடம்பில் எந்த இடத்தில் அந்தச் செறிவை எட்டும் என்பதை அது சொல்லாது. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் நன்றாகச் சேரும். இரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் புராஸ்டேட்டிலும் போதுமான அளவு சேராது. பையில் இருந்த சித்தியின் தொற்றை அது கழுவிவிட்டது. சிறுநீரகத் திசுவுக்குள் இருக்கும் அப்பாவின் தொற்றை அது தொடாது. ஒரே வேளை கரைத்துக் குடிக்கும் 3 கிராம் ஃபாஸ்ஃபோமைசின் பொடிக்கும் இதே வரம்பு உண்டு. இன்னொரு தடையும் இருக்கிறது. நீங்கள் எழுதிய வயது, எடை, கிரியாட்டினின் ஆகியவற்றை வைத்துக் கணக்கிட்டால் அப்பாவின் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 45 மி.லி. அளவில்தான் வடிகட்டுகிறது. சிறுநீரகம் தளரத் தளர நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீருக்குள் வருவதே குறையும், பக்கவிளைவு கூடும்.

மெரோபெனத்துக்கு நேரே 0.25 என்றும் நைட்ரோஃபுரான்டாயினுக்கு நேரே 16 என்றும் எண்கள் இருப்பதால் முதலாவது 64 மடங்கு வலிமையானதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். படித்தவர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள், இளம் மருத்துவர்கள் சிலர் உட்பட. கிருமியின் வளர்ச்சியை நிறுத்த அந்தந்த மருந்து குறைந்தது எந்தச் செறிவில் வேண்டும் என்பதே அந்த எண். அவற்றை ஒன்றுக்கொன்று ஒப்பிடவே கூடாது. நாம் பரவலாகப் பின்பற்றும் அமெரிக்க ஆய்வக அளவுகோலின்படி இந்தக் கிருமிக்கு மெரோபெனத்தின் எல்லை 1, நைட்ரோஃபுரான்டாயினின் எல்லை 32. தன் எல்லைக்குள் இருக்கிறதா என்பது மட்டுமே ஒவ்வொரு மருந்துக்கும் கேள்வி.

கேட்கும் ஊசிகளில் எது

பிப்பெராசிலின்-டாசோபாக்டமும் 'எஸ்' என்று வந்திருக்கிறது, விலையும் குறைவு, அதைப் போட்டால் என்ன என்று அத்தான் கேட்டது நியாயமான கேள்வி, மருத்துவர்களிடையே நீண்ட நாள் விவாதமும்கூட. 2018இல் வெளியான மெரினோ என்ற ஆய்வில், செஃப்ட்ரியாக்சோனுக்குக் கட்டுப்படாத ஈ.கோலை அல்லது கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா இரத்தத்தில் கலந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்த மருந்தும் மறுபகுதிக்கு மெரோபெனமும் கொடுத்தார்கள். 30 நாளுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 12.3 சதவீதம், மெரோபெனம் பிரிவில் 3.7 சதவீதம். பிறகு அந்தக் கிருமிகளை மறுபடி சோதித்தபோது, 'எஸ்' என்று முதலில் வந்த சிலவற்றுக்கு உண்மையில் பிப்பெராசிலின்-டாசோபாக்டம் கேட்காது என்று தெரிந்தது. அவற்றை விலக்கிப் பார்த்தால் இடைவெளி குறைந்தது. என் பார்வையில் இது அந்த மருந்துக்குச் சாதகமான செய்தி அல்ல. இ.எஸ்.பி.எல். கிருமியில் அந்த ஓர் எழுத்தை நம்பி இறங்குவதில் இருக்கும் ஆபத்தையே அது காட்டுகிறது. காய்ச்சலோடு வந்த சர்க்கரை நோயாளியிடம், அதுவும் இரத்தக் கல்ச்சர் முடிவு தெரியாத நிலையில், நான் அந்த ஆபத்தை எடுக்க மாட்டேன். உங்கள் கடிதத்தில் இரத்தக் கல்ச்சர் பற்றி ஒன்றும் இல்லை. எடுத்தார்களா, முடிவு என்ன என்று கேளுங்கள்.

அமிகாசின் ஒரு நாளைக்கு ஒரே ஊசி, சிறுநீரகத்திலும் நன்றாகச் சேரும், மலிவானது. கிரியாட்டினின் சரியாக இருக்கும் இளவயதினருக்கு நானே அதைத் தேர்ந்தெடுத்திருப்பேன். ஆனால் அது சிறுநீரகத்தையும் காதின் கேட்கும் திறனையும் பாதிக்கக்கூடியது. 1.6 கிரியாட்டினினோடு 14 நாளுக்கு அது வேண்டாம்.

ஆக மிஞ்சுவது மெரோபெனமும் எர்டாபெனமும். இரண்டும் கார்பபெனம் என்ற ஒரே குடும்பம். மெரோபெனம் சூடோமோனாஸ் என்ற கிருமியையும் சேர்த்துத் தாக்கும். எர்டாபெனம் அதைத் தாக்காது. இன்ன கிருமி என்று தெரியாத முதல் நாட்களில், நோயாளி தளர்ந்திருக்கும்போது மெரோபெனம் தொடங்கியது பொருத்தமே. இப்போது எதிரி ஈ.கோலை என்று தெரிந்துவிட்டது. அதனிடம் எர்டாபெனமும் நன்றாக வேலை செய்யும். நாளுக்கு ஒரு முறை, 1 கிராம் போதும். உங்கள் தந்தையின் சிறுநீரகம் வடிகட்டும் அளவுக்கு மருந்தைக் குறைக்கவும் தேவையில்லை, அது நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால்தான் குறைக்க வேண்டும். மெரோபெனத்தை அவருக்கு நாளுக்கு இரண்டு மூன்று முறை ஏற்ற வேண்டியிருக்கும். தம்பியிடம் சொல்லுங்கள்: வலிமையைக் குறைக்கவில்லை, தேவையில்லாத பரப்பைக் குறைக்கிறார்கள். அப்பா வலிப்புக்கு வால்புரோயேட் மாத்திரை ஏதும் சாப்பிடுபவராக இருந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்தக் குடும்ப மருந்துகள் அதன் அளவை இரத்தத்தில் சடாரென்று இறக்கிவிடும். ஊசி நாட்களில் புதிதாகக் குழப்பமாகப் பேசினாலும் தெரிவியுங்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு பெயரையும் சொல்ல வேண்டும். செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்குடன் என்மெட்டாசோபாக்டம் என்ற பொருளைச் சேர்த்த ஊசியை, சிக்கலான சிறுநீர்த் தொற்றில் பிப்பெராசிலின்-டாசோபாக்டத்தோடு ஒப்பிட்டு 2022இல் ஓர் ஆய்வு வெளியானது. முழு வெற்றி 79.1 சதவீதத்துக்கு எதிராக 58.9. அந்த என்மெட்டாசோபாக்டம் நம் சென்னை ஆர்கிட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவானது. 2024இல் அமெரிக்க அரசின் அனுமதியும் பெற்றது. கார்பபெனங்களைக் கொஞ்சம் மிச்சம் வைக்க இத்தகைய மருந்துகள் உதவும். கார்பபெனம் கேட்டு, காய்ச்சலும் இறங்கிவிட்ட நிலையில் உங்கள் தந்தைக்கு இடையில் மாற்றத் தேவையில்லை.

ஃபாரோபெனம் பற்றி

பெயரின் முடிவு ஒன்றுபோல இருப்பதாலும் தூரத்து உறவு இருப்பதாலும் இதை 'மாத்திரை மெரோபெனம்' என்று சொல்லும் வழக்கம் நம் மருந்துக்கடைகளில் வேரூன்றிவிட்டது. அத்தான் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அது சரியல்ல. குடலிலிருந்து இந்த மாத்திரை இரத்தத்துக்குச் சேரும் அளவு குறைவு. இ.எஸ்.பி.எல். கிருமியால் சிறுநீரகம் வரை போன தொற்றில் ஊசிக்கு ஈடாக இது நிற்கும் என்று காட்டும் உறுதியான ஒப்பீட்டு ஆய்வு கிடையாது. இதற்குப் பழகும் கிருமி மெரோபெனத்துக்கும் பழகிவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

டெபிபெனம் என்ற வேறொரு மாத்திரையை எர்டாபெனம் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வந்தது. மாத்திரைக்கு 58.8, ஊசிக்கு 61.6 சதவீதம் வெற்றி, கிட்டத்தட்டச் சமம். அதை ஃபாரோபெனத்துக்குக் கடன் வாங்க முடியாது, இரண்டும் வேறு மருந்துகள். ஆனால் அந்த எண்களிடம் ஒரு நிமிடம் நிற்கலாம், ஏனென்றால் வலைத்தளத்தில் படித்துவிட்டு 'எர்டாபெனமே 60 சதவீதம்தானா' என்று நீங்கள் கலங்கியிருக்கிறீர்கள். இந்த ஆய்வுகளில் வெற்றி என்றால் இரண்டும் நடக்க வேண்டும்: நோயாளிக்குத் தொந்தரவு தீர வேண்டும், மருந்து முடிந்து பல நாள் கழித்து எடுக்கும் சிறுநீரிலும் கிருமி இல்லாதிருக்க வேண்டும். தொந்தரவு தீர்ந்தவர்களை மட்டும் எண்ணினால் அதே ஆய்வில் இரு பிரிவிலும் 93 சதவீதத்துக்கு மேல். முழு வெற்றியில் சேராத பெரும்பாலோருக்கும் உடம்பு சரியாகிவிட்டது, கிருமி மட்டும் சிறுநீரில் தலைகாட்டுகிறது. அப்படித் தலைகாட்டும் கிருமிக்கு, காய்ச்சலோ கடுப்போ இல்லாதவரை, மருந்து தேவையில்லை. சர்க்கரை நோயாளிக்கும் தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்களும் மட்டுமே விதிவிலக்கு.

ஏழு நாளா, பதினான்கு நாளா

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு ஏழு நாள் சரியாகவே இருக்கலாம். 2025 வழிகாட்டுதலும், மருந்து கேட்டு நோயாளி தேறிவருகிறார் என்றால் பெரும்பாலோருக்கு ஏழு நாள் போதும் என்கிறது. ஆண்களிடம் மட்டும் ஒரு கூடுதல் கேள்வி எழுகிறது: புராஸ்டேட்டில் கிருமி ஒளிந்திருக்கிறதா? காய்ச்சல் இல்லாத ஆண்களிடம் ஏழு நாளும் 14 நாளும் ஒன்றே என்று 2021இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. காய்ச்சலோடு வந்த ஆண்களை வைத்து பிரான்சில் செய்து 2023இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி வந்தது. அதில் சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்து ஆஃப்லாக்சசினை ஏழு நாள் பெற்றவர்களில் 55.7 சதவீதமும் 14 நாள் பெற்றவர்களில் 77.6 சதவீதமும் முழுமையாகக் குணமடைந்தார்கள். இத்தனைக்கும் ஆஃப்லாக்சசின் புராஸ்டேட்டுக்குள் நன்றாகப் போகும் மருந்து. அப்படிப் போகக்கூடிய சிப்ரோஃப்ளாக்சசினும் கோட்ரைமாக்சசோலும் உங்கள் தந்தையின் கிருமிக்குக் கேட்காது என்பதையும், புராஸ்டேட் வீங்கிப் பையில் சிறுநீர் தேங்குவதையும் சேர்த்துப் பார்த்தால், மருத்துவர் 14 நாள் சொன்னது படுக்கையை நிரப்புவதற்காக அல்ல என்று புரியும். சர்க்கரைக்காகவா, புராஸ்டேட்டுக்காகவா என்று அவரிடமே கேளுங்கள். புராஸ்டேட்டுக்கு இல்லை என்றால் நாளைக் குறைப்பது பற்றிப் பேச இடமுண்டு.

மலைக்கு இப்பால் அழைத்துவருவது

காய்ச்சல் இரண்டு நாளாக இல்லை, சாப்பிடுகிறார், கிரியாட்டினின் ஏறவில்லை என்றால் அழைத்துவரலாம். எர்டாபெனத்தின் முதல் ஊசியை அங்கேயே போட்டு, ஒவ்வாமை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தென்காசியிலோ செங்கோட்டையிலோ தினமும் ஒரே நேரத்தில் போய் அரைமணி நேர ட்ரிப்ஸாக ஏற்றிக்கொள்ளலாம். நரம்பு கிடைக்காவிட்டால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினில் கலந்து தசையில் போடவும் வழியுண்டு, ஏழு நாள் வரை. ஒரு நாளும் விடக்கூடாது. வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு யார் போடுவார் என்பதைப் புறப்படும் முன்பே பேசி வையுங்கள்.

டிஸ்சார்ஜ் தாளில் எந்த மருந்து எத்தனை வேளை போடப்பட்டது, எந்தத் தேதியில் முடிக்க வேண்டும் என்பது தெளிவாக எழுதப்பட்டிருக்கட்டும். கல்ச்சர், இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் நகல்களையும் வாங்குங்கள். கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும விதி; மாநில எல்லை அதற்குத் தடையில்லை. வீட்டுக்கு வந்தபின் மீண்டும் குளிர் எடுத்தால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், வாந்தி நிற்காவிட்டால், தூக்கக் கலக்கமாக இருந்தால் மறுநாளைக்குக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளில் சிறுநீரகத் திசுவுக்குள்ளேயே வாயு உண்டாகும் கடுமையான வகை ஒன்று உண்டு. அடைப்புக்குப் பின்னால் சீழ் தேங்குவதும் உண்டு. அவற்றுக்கு மருந்தை மட்டும் மாற்றி மாற்றிப் பயனில்லை. உடனே ஸ்கேன் எடுத்து, தேங்கியதை வடிக்க வேண்டியிருக்கும்.

புனலூர்க் கடைக்காரர் மேல் நீங்கள் கோபப்பட்டு எழுதியிருந்தீர்கள். அவர் செய்ததுதான் சட்டம். இரு மாநிலத்துக்கும் ஒரே சட்டம். செஃபிக்ஸிம் போன்றவை, கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எச்1இல் 2014 முதல் இருக்கின்றன. சீட்டில்லாமல் தரக்கூடாது, சீட்டின் பேரில் தரும்போதும் மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேரளத்தில் 2024இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று கடைகளைச் சோதிக்கத் தொடங்கியதிலிருந்து அங்கே இது கறாராக நடக்கிறது. இந்தப் பக்கம் கிடைத்த ஆறு நாள் மாத்திரைகள் இந்தக் கிருமிக்குக் கேட்காதவை. அவற்றால் போனது ஆறு நாள். முதல் நாளே சீட்டுக்காக ஒரு மருத்துவரிடம் போயிருந்தால், மருந்துக்கு முன் ஒரு கல்ச்சர் எடுத்திருப்பார். இனி எடுக்க நேர்ந்தால், நடுவில் வரும் சிறுநீரைச் சுத்தமான குப்பியில் பிடித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுங்கள். பேருந்தில் வெயிலோடு பயணம் செய்த குப்பியில் வழியிலேயே கிருமி பெருகிவிடும்.

இரண்டு சின்ன விஷயங்கள். டாபாகிளிஃப்ளோசினை இந்தக் காய்ச்சல் காலத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வாந்தியும் பட்டினியுமாக இருக்கும்போது அது இரத்தத்தில் அமிலத்தைக் கூட்டக்கூடும். கடுமையான சிறுநீர்த் தொற்று வந்தவருக்கு அதைத் திரும்பத் தொடங்குவதா என்பதையும் சர்க்கரை மருத்துவர் முடிவு செய்யட்டும். அடுத்தது, ஊசி முடிந்ததும் சிறுநீர்ச் சிகிச்சை நிபுணரைப் பார்த்து, பையில் சிறுநீர் தேங்குவதற்கு மருந்து போதுமா என்று கேளுங்கள். தேக்கம் தீராவிட்டால் தொற்று திரும்பும். அப்போது யாராவது பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் இரத்தச் சோதனைக்கு எழுதினால், தொற்று முடிந்து ஆறு முதல் எட்டு வாரம் போகட்டும் என்று சொல்லுங்கள். தொற்றுக் காலத்தில் அந்த எண் தானாகவே ஏறியிருக்கும். அதைப் பார்த்துப் புற்றுநோயோ என்று வீடே பயப்பட நேரும்.